எதிரே வருபவரின் கண்

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் வழியாக மரக்காணம் செல்லும் சாலையில், பொழுது புலருமுன் மோட்டார் ஓட்டியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாயிருக்கும். வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்க உப்பளத் தொழிலாளர்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் அவ்வழியே சென்றுகொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அவ்விதம் எதிரே வந்த முதியவர் ஒருவர், என் வண்டியின் ஒளியில் கண் கூசிச் சைக்கிளோடு சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். தெய்வாதீனமாகக் காயம் ஏதுமில்லை. "வாத்தியாரையா, வெளிச்சம் ரோட்டுக்கா, என் மூஞ்சிக்கா?" என்று கேட்டார். நான் விளக்கைத் தாழ்த்தித்தான் வந்தேன். ஆகவே என்மீது குற்றமில்லை என்றே எண்ணினேன். வீடு திரும்பிச் சோதித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. சில நாட்களுக்கு முன் நானே மாற்றிய பல்பு, தன் இடத்தில் சரியாகப் பொருந்தி அமரவில்லை.

இது அற்ப விஷயமன்று. சமமட்டத்திலிருந்து ஒரே ஒரு பாகை மேல்நோக்கினாலும், 50 மீட்டர் தூரத்தில் ஒளி 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அவ்வொளி எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணிலேயே பாயும். கூசிய கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைச் சீர் செய்ய வீட்டுச் சுவரும் சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் போதும். முதலில் சக்கரங்களின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்புறச் சுமையை இறக்கிவிட்டு, ஓட்டுபவர் இடத்தில் ஒருவரை அமர்த்துங்கள். சமதரையில் வண்டியைச் சுவரருகே நேராக நிறுத்தி, இரு விளக்குகளின் நடுப்புள்ளிகளையும் சுவரில் குறித்து, அவற்றின் வழியே கிடைக்கோடும் நெடுங்கோடும் வரையுங்கள். பிறகு வண்டியை நேரே பின்னுக்கு 7.5 மீட்டர் நகர்த்துங்கள். இருட்டிய பின் தாழ்ந்த ஒளியை ஏற்றி, ஒரு விளக்கை அட்டையால் மறைத்து மற்றதைப் பாருங்கள்.

ஒளியின் மேல்விளிம்பு கிடைக்கோட்டிற்கு ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் கீழே இருக்கவேண்டும். அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு இறக்கம். வண்டிக் கையேட்டில் வேறு அளவு கண்டிருந்தால் அதையே கொள்க. நாம் இடப்புறம் செல்பவர்களாகையால், அவ்விளிம்பு நெடுங்கோட்டிலிருந்து இடப்பக்கமே மேலேறவேண்டும். பிசகியிருந்தால், பல்பு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, பின்னரே விளக்கின் பின்புறமுள்ள திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒன்று மேல்கீழாகவும் மற்றொன்று பக்கவாட்டிலும் ஒளியை நகர்த்தும். உப்புக் காற்றில் துருவேறி இறுகிய திருகை வலிந்து முறிக்கவேண்டாம். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நலம். தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் புதுவகை விளக்குகளுக்கும் அதுவே விதி.

பின்புறம் சுமை ஏற்றினால் வண்டியின் முகம் நிமிர்ந்து ஒளியும் உயரும். பல வண்டிகளில் இதற்கென ஓட்டுபவர் கையருகே 0 முதல் எண்ணிட்ட குமிழ் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைத் தொடுவதேயில்லை.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள கண் கூசலாகாது என்கிறது. வேலை முடிந்ததும் நீங்களே அவ்விடத்தில் நின்று பாருங்கள். அதுவே கடைசிப் பரீட்சை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. நமக்கு உப்பிடுபவர் இருட்டில் எதிரே வரும்போது, அவர் கண்ணில் படாதபடி நம் விளக்கைத் தாழ்த்தி வைப்பதும் அந்த நன்றியைச் சேர்ந்ததே.