ஷூ பெட்டிக்குள் ஒரு ஆபீஸ்!

"எனக்குன்னு ஒரு தனி ரூம் இருந்தா நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட்!" என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? சொன்னவர்கள் கையைத் தூக்குங்கள். அடேங்கப்பா, இத்தனை கைகளா!

தனி அறையும் சுழல் நாற்காலியும் இருந்தால் நல்லதுதான். இல்லாதவர்கள் வீட்டில் எப்படி வேலை செய்கிறார்கள்? அதைப் பார்க்க ஆம்பூர் வரை போய் வருவோமா?

ஆம்பூர் என்றதும் நாக்கில் எச்சில் ஊறுகிறதா? பிரியாணி அப்புறம்! ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரமே தோல் தொழிலுக்குப் பேர் போனது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊர்களும் வெவ்வேறு மாவட்டங்களுக்குப் பிரிந்து போயின. தொழில் மட்டும் பிரியவில்லை! இங்கே தயாராகும் ஷூக்கள் கப்பலேறி ஐரோப்பா வரை போகின்றன.

ஆனால் ஷூவின் எல்லா வேலையும் கம்பெனிக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. ஷூவின் மேல்பகுதிக்கு 'அப்பர்' என்று பெயர். சில வகை ஷூக்களில் இதைக் கையால்தான் தைக்க வேண்டும். கம்பெனியில் வெட்டிய தோல் துண்டுகள் ஏஜெண்டுகள் மூலம் வீடுகளுக்கு வரும். அம்மாக்கள், அக்காக்கள், பாட்டிகள் ஊசி நூலால் தைத்துக் கொடுப்பார்கள். திரும்ப கம்பெனிக்குப் போய் அடிப்பாகம் சேர்ந்த பிறகுதான் அது முழு ஷூ. இந்த வேலைக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் சில ரூபாய்கள்தான். அதே ஷூ வெளிநாட்டுக் கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும்! விளக்கு எரிகிற கரண்ட் செலவும் தைப்பவர் தலையில்தான். இது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

ஆக, அந்த வீடும் ஓர் ஆபீஸ்தான். ஆனால் மேசை இல்லை, நாற்காலி இல்லை. எங்கே உட்காருவது? பெரும்பாலும் வாசற்படிதான். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளே மங்கலான விளக்கில் தையல் கண்ணுக்குத் தெரியுமா? அதனால்தான் வெளிச்சத்தைத் தேடி வாசலுக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டாரோடு கதை பேசிக்கொண்டே தைத்தால் சிலருக்குக் கை வேகமாக ஓடும். சிலருக்கோ பேச்சு இருந்தால் தையல் கோணிவிடும். அவர்கள் உள்ளே தனியாக, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார்கள். மணிக்கணக்கில் குனிந்து தைத்தால் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும் அல்லவா?

வேலை ஒன்றுதான், ஆளுக்கு ஆள் இடம் வேறு. பெரிய மனிதர்களும் இப்படித்தான்.

வேலூரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், 1900-இல் தன் அப்பாவின் பங்களாவிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். எத்தனை கட்டில் தெரியுமா? ஒன்றே ஒன்று! இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அந்த ஒற்றைக் கட்டிலில் இருந்து வளர்ந்ததுதான்.

அதே காலத்தில் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். ஆமாம், யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அவரேதான்! பிற்காலத்தில் அவருக்கும் கட்டில்தான் ஆபீஸ். படுக்கையில் சாய்ந்தபடியே மணிக்கணக்கில் படிப்பார், எழுதுவார். இதை அம்மாவிடம் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்! நம்மில் பலர் படுத்துக்கொண்டு புத்தகம் எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே 'கொர்ர்ர்'தான்.

கணித மேதை ராமானுஜனுக்குக் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணை. பேப்பர் விலை அதிகம், அவரோ மலை மலையாகக் கணக்குப் போடுபவர். அதனால் சிலேட்டில் போட்டார். அழிக்கத் துணி தேடினால் யோசனை அறுந்துவிடும் என்று முழங்கையாலேயே அழிப்பார்! விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் இன்னொரு வேடிக்கை செய்தார். பூச்சி, செடி என்று அறை முழுக்கப் பரப்பி வைத்திருப்பவர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எழுந்து எழுந்து போகச் சலித்து, நாற்காலியின் கால்களில் சக்கரம் மாட்டிவிட்டார்!

சரி, நீங்கள் எந்த ரகம்? ஒரு மூன்று நாள் உங்களை நீங்களே உளவு பாருங்கள். எந்த நேரத்தில் பாடம் சட்டென்று ஏறுகிறது? விடியற்காலையா, இரவா? (வேலூர் வெயிலில் மத்தியானம் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள்!) நடந்துகொண்டே படித்தால் மனப்பாடம் ஆகிறதா? அப்படியானால் உங்களுக்கு மேசையைவிட மொட்டைமாடிதான் முக்கியம். பக்கத்தில் தம்பி பேசினால் எரிச்சல் வருகிறதா, ஆளே இல்லாவிட்டால் தூக்கம் வருகிறதா? முதல் ரகம் சுவரைப் பார்த்து உட்காரட்டும். இரண்டாவது ரகம் சமையலறை வாசலுக்குப் போகட்டும். கண்ணில் பட்டால்தான் வேலை ஞாபகம் வரும் என்பவர்கள் நாளைய வீட்டுப்பாடத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். பொருள்கள் கண்ணில் பட்டாலே விளையாடத் தோன்றுகிறவர்கள் எல்லாவற்றையும் மூடி வைப்பதுதான் நல்லது.

மூடி வைக்க அலமாரி இல்லையா? பகலில் படிக்கும் மூலை ராத்திரியில் பாய் விரிக்கும் இடமா? கவலை வேண்டாம், ஒரு பழைய ஷூ பெட்டி போதும். உள்ளே அட்டையால் இரண்டு தடுப்பு வையுங்கள். ஒரு பக்கம் பேனா, பென்சில், ஸ்கேல். இன்னொரு பக்கம் அழிப்பான், ஷார்ப்னர், கத்தரிக்கோல். நடுவில் துண்டுத்தாள்கள். மூடியின் உட்புறத்தில் டைம்டேபிளை ஒட்டிவிடுங்கள். திறந்தால் ஆபீஸ், மூடினால் வீடு! திண்ணை, மாடி, பாட்டி வீடு என்று எங்கே போனாலும் கூடவே வரும். மேலே உங்களுக்குப் பிடித்த படம் வரையலாம். தம்பி தங்கை கை வைக்காதபடி ஒரு மண்டை ஓடு வரைந்தாலும் சரி!

வெளிச்சத்தை மட்டும் மறக்காதீர்கள். வலது கையால் எழுதுபவர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கம். மாறி இருந்தால் உங்கள் கை நிழலே எழுத்தின் மேல் விழும்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ ஷூ தைக்கிறார்களா? பீடி சுற்றுகிறார்களா? பூ கட்டுகிறார்களா? அவர்களுடைய ஆபீஸையும் இன்று ஒரு முறை உளவு பாருங்கள். அவர்கள் கை நிழல் எங்கே விழுகிறது? முதுகுக்குச் சாய ஏதாவது இருக்கிறதா? ஒரு தலையணையைச் சுவரோடு வைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் வெளிச்சம் விழுகிற மாதிரி விளக்கை எங்கே மாட்டலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.