மீன் வந்தால் சங்கு ஊதும்! டப்பா உணவு ஆலைகளின் வியப்புகள் தெரியுமா?

உணவை அடைத்து விற்கும் உலகின் முதல் ஆலையைத் தொடங்கியவர் விஞ்ஞானி அல்ல, ஒரு மிட்டாய்க்காரர் என்பது தெரியுமா? நிக்கோலா அப்பேர் என்று பெயர். பாரிஸுக்குப் பக்கத்தில் மஸ்ஸி என்ற ஊரில், 1800களின் தொடக்கத்தில் ஆலை வைத்தார். தகர டப்பா அப்போது இல்லை. அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டிகள்தான். பட்டாணி, இறைச்சி, பால் என்று கிடைத்ததையெல்லாம் நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, புட்டியோடு கொதிநீரில் வேகவைத்தார். மாதங்கள் போயும் கெடவில்லை! பிரெஞ்சு அரசு 1810-ல் அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. ஒரு நிபந்தனை: செய்முறையை ஊரறியப் புத்தகமாகப் போட வேண்டும். போட்டார்.

இதைவிடப் பெரிய வியப்பு, உணவு ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது! கெடுப்பவை நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் நிறுவியது அதற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து. காரணம் தெரியாமலே ஒரு மனிதர் கைப்பழக்கத்தால் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். 1841-ல் அவர் ஏழையாகத்தான் இறந்தார் என்பதைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது.

கண்ணாடியை விட்டு, வெள்ளீயம் பூசிய இரும்புக்கு மாறியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1813-ல் லண்டனின் பெர்மண்ட்ஸி பகுதியில் பிரையன் டாங்கினின் ஆலை இயங்கத் தொடங்கியது. டப்பா வந்துவிட்டது, திறப்பான் வரவில்லை! அதற்கென்று ஒரு கருவி வர 1850கள் ஆகிவிட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உளியும் சுத்தியலும்தான். கடற்பயணி வில்லியம் பாரியின் 1824-ம் ஆண்டு ஆர்க்டிக் பயணத்தோடு போய்வந்த கன்றிறைச்சி டப்பா ஒன்றை 1938-ல் திறந்து பார்த்தார்கள். 114 ஆண்டுகள்! உள்ளே இறைச்சி கெடாமல் இருந்தது.

கொதிக்கவைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். மீன், இறைச்சி டப்பாக்களை அதனால்தான் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் போலவே, அழுத்தம் கூட்டித்தான் நீராவிக்கு அந்தச் சூடு வருகிறது. புளிப்புள்ள பழங்களில் அந்த வித்து முளைக்காது. அதனால் கிருஷ்ணகிரியில் டின்னில் அடைத்து ஏற்றுமதியாகும் மாம்பழக் கூழுக்கு அவ்வளவு கடும் சூடு தேவையில்லை.

இனி கடற்கரைக்கு வாருங்கள். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் கரையோரமாக வரிசையாக மத்தி மீன் ஆலைகள் இருந்தன. ஒவ்வொரு ஆலைச் சங்குக்கும் தனித்தனி ஓசை! நள்ளிரவில் படகு வந்தாலும் சங்கு ஊதும். தங்கள் ஆலையின் ஓசையைத் தூக்கத்திலேயே அடையாளம் கண்டு பெண்கள் எழுந்து ஓடுவார்கள். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1945-ல் அந்த ஆலைத் தெருவை நாவலாக்கினார். 1958-ல் தெருவுக்கே நாவலின் பெயரை வைத்துவிட்டார்கள், கேனரி ரோ என்று. அதற்குள் மத்தி அருகிப்போய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கடைசிவரை தாக்குப்பிடித்த ஹோவ்டன் ஆலை 1973-ல் நின்றது. அந்த இடத்தில்தான் 1984 முதல், உலகமே வந்து பார்க்கும் மான்டரே கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது. மீனை அடைத்த இடத்தில் இன்று மீன் நீந்துகிறது!

பிரான்ஸின் பிரெத்தாஞ் கரையில் துவார்னனே என்றொரு ஊர். என்னை அதிகம் உலுக்கியது அந்த ஊரின் கதைதான். அங்கேயும் மத்தி, அங்கேயும் பெண்கள். படகு கரை தொட்டதும் தெருத்தெருவாகக் கூவி அழைப்பார்கள். சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளும் பாட்டிமார்களும் ஒன்றாக ஓடுவார்கள். தலை கிள்ளி, குடல் நீக்கி, உப்புநீரில் போட்டு, உலர்த்தி, எண்ணெயில் பொரித்து, டப்பாவில் அடுக்க வேண்டும். பிடித்த மீன் காத்திருக்காது. தீரும்வரை வேலை, விடிய விடிய. தூக்கம் வராமலிருக்கப் பாடிக்கொண்டே அடுக்குவார்களாம். எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1919-லேயே வந்திருந்தும், அதன் நிழல்கூட இந்தப் பெண்கள் மேல் விழவில்லை. கூலி மணிக்கு 80 சென்டீம், ஒரு ஃபிராங்க்கூட இல்லை.

1924 நவம்பரில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது 1 ஃபிராங்க் 25 சென்டீம். மரக்கட்டைச் செருப்புகள் தெருக்கல்லில் ஒலிக்க ஊர்வலம் போனார்கள். ஆறு வாரத்துக்கு மேல் நீண்ட அந்தப் போராட்டத்தில், 1925 புத்தாண்டு நாளன்று, வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த ஆட்கள் துப்பாக்கியால் சுட்டதில் ஊர் மேயர் தானியேல் லெ ஃபிலான்ஷெக்கே காயமடைந்தார். அடுத்த சில நாட்களில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள்: மணிக்கு 1 ஃபிராங்க், கூடுதல் நேரத்துக்கும் இரவு வேலைக்கும் தனிக் கூலி, போராடிய யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது!

அதோடு நின்றார்களா? அந்த வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்த ஆலைத் தொழிலாளி, கணவரை இழந்த தாய், ஜோசபின் பென்கலே, 1925 மே மாதம் நகரமன்றத் தேர்தலில் நின்று வென்றார். பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலம் அது! சில மாதங்கள் நகரமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தும் இருந்தார். நவம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் தேர்வு செல்லாது என்றது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முறையாக வாக்குச் சாவடிக்குப் போனது 1945 ஏப்ரலில்.