பெட்ரோலைத் திட்டுமுன் சைலன்சரைப் பாருங்கள்

பழைய காரில் மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால், தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரிப் பக்கம் முதலில் திட்டு வாங்குவது பெட்ரோல்தான். "எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலை" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் 'பி 0171' என்ற பிழைக் குறியீட்டைக் காட்டும். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சார் போயிட்டு சார், மாத்திருவோம்" என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் கைமாறும், விளக்கும் அணையும். அணைந்தது புது சென்சாரால் அல்ல, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்ததால். கொஞ்ச நாளில் திருச்செந்தூர் போய்த் திரும்பும் வழியில் அதே விளக்கு மறுபடி எரியும்.

எத்தனாலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பங்க்குகளில் அதுதான் என்றாகிவிட்டது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த இந்தப் பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ. அதாவது, பழைய கணக்கில் பெட்ரோல் விடும் இன்ஜினுக்குக் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிந்துதான் போகும். சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் வெளியான ஒன்றிய அரசின் திட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆக, மைலேஜ் புலம்பலில் நியாயம் உண்டு. விளக்கு எரிவதற்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது.

இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் கம்ப்யூட்டர், சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் திருத்தத்துக்குத்தான் 'ஃப்யூயல் ட்ரிம்' என்று பெயர். 8 சதவீதத்தை அது சத்தமில்லாமல் சமாளித்துக்கொள்ளும். பல வண்டிகளில் திருத்தம் 20, 25 சதவீதத்தை எட்டிய பிறகே விளக்கு எரிகிறது. (கார்புரேட்டர் வண்டிக்கு இந்தத் திருத்தும் வித்தை தெரியாது. நல்ல வேளை, அதற்கு விளக்கும் கிடையாது.) எத்தனால் கொண்டுவந்தது 8 என்றால் மீதியைக் கொண்டுவந்தது யார்?

இந்தக் கடற்கரைப் பகுதியில் என் சந்தேகம் முதலில் உப்பின் மேல்தான். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். ஆறுமுகநேரியைச் சுற்றி உப்பளம், காயல்பட்டினம் தாண்டினால் கடல். கொண்டல் காற்று வீசும் நாளில் கண்ணாடியைத் துணியால் துடைத்தால் வெள்ளைப் பூச்சு ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடியைத் துடைக்கிறோம். காருக்கு அடியில் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய், அதன் ஃபிளாஞ்ச், கேஸ்கெட், போல்ட் எல்லாம் சூடாகி ஆறி, உப்பில் ஊறி, துருப்பிடித்து மெல்லியதாகக் கீறல் விடும். புகை உள்ளிருந்து வெளியேதானே போகும், கீறல் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். புகை ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே குழாயில் அழுத்தம் குறைந்து, கீறல் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் கீறல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்துவிட்டால் வந்தது வினை. வெளிக்காற்றின் ஆக்சிஜனை முகர்ந்த சென்சார் 'கலவை மெலிவு' என்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி விடுகிறது. நிஜத்தில் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஏராளம். விளக்கோ பெட்ரோல் போதவில்லை என்கிறது.

இந்த முரண்பாட்டை நிமிடத்தில் காட்டிக்கொடுப்பது ஸ்பார்க் பிளக். மெயின் ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி, ஒரு பழைய ஆம்னி வேனின் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். கரி அப்பியிருந்தது. "நெசமாவே பெட்ரோல் பத்தலைன்னா பிளக்கு வெளுத்துல்லா இருக்கணும்? இது அடுப்புக்கரி மாதிரி இருக்கு. சென்சார் மேல பழியப் போடாதீய. அது மோந்ததச் சொல்லுது, அவ்வளவுதான். காத்து எங்க பூருதுன்னு நாமதான் பாக்கணும்" என்றார். பிறகு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் லேசாக அடைக்கச் சொல்லிவிட்டு, மேலிருக்கும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஃபிளாஞ்ச் ஓரம் நுரை கொப்பளித்தது. கேஸ்கெட்டும் இரண்டு போல்ட்டும் மாற்றியதோடு வேலை முடிந்தது. சென்சாரைத் தொடவே இல்லை.

உப்பின் இரண்டாவது வேலை எர்த் வயரில். பாடியில் எர்த் பிடிக்கும் போல்ட்டைச் சுற்றித் துரு ஏறினாலும், பெட்ரோல் பம்பின் கப்ளரில் பச்சை பூத்தாலும், பம்புக்குப் போகும் வோல்டேஜ் குறையும். பம்ப் மெதுவாகச் சுழலும். பல கார்களில் 3 பார் அளவில் இருக்க வேண்டிய அழுத்தம் இறங்கும். இது நிஜமான மெலிவு, பிளக் வெளுக்கும். இப்படியே ஓட்டினால் இன்ஜின் சூடாகும், ஏற்றத்தில் திணறும். பம்பையே மாற்றச் சொல்வார்கள். இன்ஜின் ஓடும்போது பம்ப் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்து, பேட்டரி வோல்டேஜோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பம்பை விட்டுவிட்டு வயரைத் தேடட்டும்.

வேக்கம் ஹோஸ் விரிசல், அடைத்த பில்டர், அழுக்கேறிய இன்ஜெக்டர் எல்லாம் எந்த ஊருக்கும் பொதுவானவை. ஒன்று மட்டும் சொல்லலாம்: இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்த நம் சின்னக் கார்களில் ஹோஸ் விரிந்தால், பெரும்பாலும் மெலிவுக் குறியீட்டுக்கு முன்பே ஐடிலிங் ஏறிவிடும். உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் வண்டிகளில்தான் அது உடனே மெலிவாகத் தெரியும். எது எந்த வகை என்று பார்க்காமல் ஹோஸைத் தேடுவது வீண் வேலை.

லட்சம் கிலோமீட்டர் ஓடிய சென்சார் எப்படியும் சோம்பிப்போயிருக்கும், மாற்றினால் நஷ்டமில்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. சோம்பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றலாமே. நல்ல சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மேலும் கீழுமாகத் தாவிக்கொண்டிருக்கும். கீழேயே கிடக்கிறது என்றால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். 0.8-க்குத் தாவினால் அதற்கு உயிர் இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரே ட்ரிம் எண்களைக் காட்டும். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் குறைந்தால் எங்கோ காற்று புகுகிறது. வேகமும் பாரமும் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் வரத்தில் கோளாறு. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் சென்சார் வாங்கச் சொல்வது வைத்தியமே அல்ல.

அடுத்த முறை விளக்கு எரிந்தால், ஒர்க்‌ஷாப்பில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஐடிலிங்கில் ட்ரிம் எவ்வளவு, பிளக் என்ன நிறம்? பதில் வராவிட்டால் சாவியைக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.