எலியின் வலியை அளப்பது எப்படி?

2018 செப்டம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மருந்தியல் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. மூட்டு வலிக்கும் தசைப் பிடிப்புக்கும் ஹோமியோபதி மருத்துவர்கள் கொடுக்கும் 'ரஸ்டாக்ஸ்', எலிகளின் நரம்பு வலியைக் கபாபென்டின் என்ற வழக்கமான மருந்துக்கு இணையாகக் குறைக்கிறது என்றது அது. ஹோமியோபதிக்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டது என்று இத்தாலியில் பேச்சு எழுந்தது. உடனே பெரும் சர்ச்சையும் கிளம்பியது.

ரஸ்டாக்ஸ் தயாரிக்கப்படுவது, தொட்டாலே தோல் கொப்பளிக்கும் வட அமெரிக்க நச்சுச் செடி ஒன்றிலிருந்து. இலைச்சாற்றை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது தாய்த் திராவகம். அதில் ஒரு பங்குக்கு 99 பங்கு ஆல்கஹால் கலந்து குலுக்கினால் 1சி. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி அப்படியே செய்தால் 2சி. பன்னிரண்டாவது படியைத் தாண்டும்போது செடியின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருப்பதே அரிது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 30சி என்பது 1-க்குப் பின்னால் 60 சுழியங்கள் போட்ட அளவுக்கு நீர்த்தது. எனவே தாய்த் திராவகத்தைச் சோதிப்பதும் 30சி-யைச் சோதிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் செடியின் வேதிப்பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அது மூலிகை ஆய்வு போன்றது. பின்னதில் அப்படி எதுவும் இல்லை.

சரி, வாய் பேசாத எலிக்கு வலிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அதன் நடத்தையைத்தான் அளக்கிறார்கள். சுமார் 55 டிகிரி சூடான தட்டில் எலியை விட்டு, அது பாதத்தை நக்கவோ துள்ளவோ எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது ஒரு முறை. வாலில் வெப்ப ஒளியைக் குவித்து, வாலை இழுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிப்பது இன்னொன்று. நரம்பு வலியை ஆராய, தொடை வழியே செல்லும் சயாட்டிக் நரம்பை நூலால் தளர்வாகக் கட்டி, சில நாள் கழித்து மெல்லிய இழைகளால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதல் முறையில், சூடான தட்டிலிருந்து சில நொடிகளில் எலியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பாதம் வெந்துவிடும்.

இந்த அளவீடுகள் எளிதில் ஏமாற்றக்கூடியவை. தூக்கம் வரவழைக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் எலி மெதுவாகத்தான் காலை எடுக்கும். அதனால் வலி குறைந்துவிட்டது என்று ஆகாது. எனவே சுழலும் உருளையில் எலி விழாமல் நடக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். ஹோமியோபதி மருந்தில் ஆல்கஹால் இருப்பதால், அதே அளவு வெறும் ஆல்கஹால் பெறும் எலிக் குழுவும் கட்டாயம் வேண்டும். எந்த எலிக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நொடிகளைக் குறிப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால், எதிர்பார்ப்பு அவரை அறியாமலே கணக்கில் கலந்துவிடும்.

2018 கட்டுரை தடுக்கி விழுந்தது இங்கேதான். ஒவ்வொரு குழுவிலும் எட்டே எலிகள். எது மருந்து பெற்ற எலி என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வெவ்வேறு சோதனைகளின் முடிவுகளாகக் காட்டப்பட்ட படங்கள் ஒன்றுபோல இருப்பதை இத்தாலிய உயிரியலாளர் என்ரிக்கோ புச்சி சுட்டிக்காட்டினார். இதழும் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்தது. படங்களும் தரவுப் புள்ளிகளும் திரும்ப வந்திருக்கின்றன, சாற்றில் என்ன எவ்வளவு இருந்தது என்றே தெரியவில்லை, செல்களில் செய்த சோதனை வலி குறைந்ததாகச் சொல்லும் முடிவைத் தாங்கவில்லை என்று கூறி, 2019 ஜூனில் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

இதில் விலங்குகளின் பக்கமும் உண்டு. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஆய்வுக்கூட விலங்குகள் மீதான சோதனைகளுக்கு முன்அனுமதி தேவை. வலியை ஆராய்வதென்றால் வலியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சரியாகத் திட்டமிடாத சோதனையில் அந்த எலிகள் பட்ட வலி யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

'விலங்குகளில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியை மருந்து விளம்பரத்தில் பார்த்தால் சில கேள்விகளைக் கேளுங்கள். சோதித்தது தாய்த் திராவகமா, நீர்த்த மருந்தா? வெறும் ஆல்கஹாலோடு ஒப்பிட்டார்களா? கணக்கெடுத்தவருக்கு எது மருந்து என்று தெரியுமா? வேறொரு ஆய்வகத்திலும் அதே முடிவு கிடைத்ததா? இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை, நரம்பு வலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.