இலக்கைத் தாண்டும் கதிர்

நெல்லுக்குப் பாயும் நீர் வாய்க்காலோரப் புல்லையும் நனைக்கிறது. அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், புற்றுநோய்க் கட்டிக்கெனச் செலுத்தும் கதிர்வீச்சு நலமான உறுப்புகளிலும் கசிந்தால், நோய் தீர்க்க வந்ததே பின்னாளில் நோய்க்கு வித்தாகக்கூடும். அக்கசிவைக் குறைப்பதே கதிர் மருத்துவத்தின் நீண்டகால முயற்சியாகும்.

நின்று தாக்கும் துகள்

எக்ஸ் கதிர் உடலில் நுழைந்து, கட்டியைக் கடந்து, மறுபுறம் வெளியேறும். வழியெங்கும் உயிரணுக்களைத் தாக்கும். மின்னூட்டம் பெற்ற புரோட்டானும் கார்பன் அயனியும் வேறு வகையின. அவை வேகம் குறையக் குறைய மிகுதியான ஆற்றலை வெளியிட்டு, குறித்த ஆழத்தில் நின்றுவிடுகின்றன. இவ்வியல்பை வில்லியம் பிராக் என்னும் அறிவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். இதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என 1946இல் இராபர்ட் வில்சன் எடுத்துரைத்தார். 1954இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் மருத்துவம் அளிக்கப்பட்டது. மருத்துவர் முத்துலெட்சுமியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 2019இல் சென்னை தரமணியில் தெற்காசியாவின் முதல் புரோட்டான் மருத்துவ மையம் திறக்கப்பட்டது.

மறைந்துவரும் நியூட்ரான்

புரோட்டான் கட்டியிலேயே நின்றுவிடுவதால் கசிவு முற்றும் நீங்கியதா? இல்லை. சில புரோட்டான்கள் வழியிலுள்ள அணுக்கருக்களில் மோதுகின்றன. அம்மோதலில் நியூட்ரான்கள் தெறிக்கின்றன. மின்னூட்டம் இல்லாமையால் அவை எளிதில் நிற்பதில்லை. கட்டிக்குத் தொலைவிலுள்ள உறுப்புகளையும் சென்றடைகின்றன. இதுவே இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. இதன் அளவு மிகச் சிறிது. ஆயினும், எக்ஸ் கதிருடன் ஒப்பிட, நியூட்ரானின் தீங்கு அதன் ஆற்றலுக்கேற்ப ஏறத்தாழ 20 மடங்குவரை மிகக்கூடும் எனக் கதிர்ப் பாதுகாப்பு நெறிகள் மதிப்பிடுகின்றன. கார்பன் அயனி மோதும்போது தானே உடைகிறது. அதன் சிதறல்களுள் சில கட்டிக்கு அப்பாலும் செல்கின்றன.

யாருக்கு இடர்?

கதிர்வீச்சால் தோன்றும் இரண்டாவது புற்றுநோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். முதுமையில் சிகிச்சை பெறுவோருக்கு இவ்விடர் குறைவு. பத்து வயதுச் சிறுமிக்கோ வாழவேண்டிய காலம் நீண்டது. வளரும் உயிரணுக்கள் கதிருக்கு எளிதில் பாதிப்படையும். சிற்றுடலில் உறுப்புகளும் நெருங்கியே உள்ளன. நலமான உறுப்புகளைக் காப்பதால் புரோட்டான் மருத்துவம் குழந்தைகளுக்கே மிகவும் ஏற்றது. எனவே, அவர்களிடத்தில்தான் இக்கணக்கும் மிக நுட்பமாக அமையவேண்டும்.

கசிவைக் குறைக்கும் வழி

முன்னர்ப் புரோட்டான் கற்றையைப் பரப்பி, பித்தளைத் தடுப்புகளால் கட்டியின் வடிவத்திற்கு ஏற்ப வரையறுத்தனர். அத்தடுப்புகளே நியூட்ரான்களைப் பெருமளவில் தோற்றுவித்தன. இன்று மெல்லிய கற்றையைக் காந்தங்களால் வளைத்து, தூரிகையால் வண்ணம் தீட்டுவதுபோல் கட்டியின் மீது அடுக்கடுக்காகச் செலுத்துகின்றனர். இதனால் வெளியிலிருந்து வரும் நியூட்ரான்கள் பெரிதும் குறைந்துள்ளன. உடலுக்குள்ளேயே தோன்றுபவற்றை மட்டும் தவிர்க்க இயலாது.

2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸ் கதிர் பெற்றோரைவிடப் புரோட்டான் பெற்றோரிடம் இரண்டாவது புற்றுநோய் மிகுதியாகத் தோன்றவில்லை எனக் காட்டியது. இஃது ஆறுதல் தரும் செய்தியே. எனினும், ஒரு குழந்தையின் முழு வாழ்நாளையும் அளந்தறிய அரை நூற்றாண்டேனும் வேண்டும். ஆகவே, பெற்ற கதிரின் அளவைப் பதிந்து காப்பதும், அக்குழந்தை வளர்ந்து பெரியவரான பின்னும் உடல்நலத்தைத் தொடர்ந்து ஆய்வதும் சிகிச்சையின் பகுதிகளே ஆகும்.