கல்லில் ஒரு தேர், மரத்தில் மூன்று தேர்கள்



கலிங்கம் என்றதும் தமிழ் படித்தவர்களின் நினைவுக்கு முதலில் வருவது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதை அந்நூல் பாடுகிறது. இலங்கையில் வாழும் நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. இன்று கண்டியில் போற்றப்படும் புத்தரின் புனித தந்தத்தைக் கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஹேமமாலா என்னும் இளவரசி தன் கூந்தலில் மறைத்து இங்கு கொண்டுவந்தாள் என்பது பௌத்த மரபு. அவள் புறப்பட்ட நாடும் கலிங்கமே.

அந்தப் பழைய கலிங்கத்தின் பெரும்பகுதிதான் இன்றைய ஒடிசா மாநிலம். 2011 வரை அதனை ஒரிசா என்றே அழைத்தோம். உல்லாசப் பிரயாணிகள் அங்கு காண வேண்டியவை பல. புவனேஸ்வரத்தில் பழங்கோயில்கள் நிறைந்திருக்கின்றன. அதற்கு அண்மையில் தௌலியில் அசோகனின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் சிலிக்கா ஏரியும் உண்டு. எல்லாவற்றையும் ஓர் உரையில் அடக்க முடியாது. ஆகவே இன்று கோணார்க், பூரி ஆகிய இரண்டு இடங்களை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கிடையே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரம். இரண்டின் பெருமையும் தேரோடு தொடர்புடையது.

முதலில் கோணார்க். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் சூரியனுக்கு இங்கு ஒரு கோயில் எடுத்தான். கோயில் முழுவதையும் சூரியனின் தேராகவே அமைத்தான். அடித்தளத்தில் 24 கற்சக்கரங்கள். இழுத்துச் செல்ல ஏழு குதிரைகள். ஒவ்வொரு சக்கரமும் ஆளை விட உயரமானது. ஆரங்களிலும் அச்சிலும் கைவிரல் அளவு இடம்கூட வெறுமையாக இல்லை. 2018இல் வெளியான இந்தியப் பத்து ரூபாய்த் தாளைப் பார்த்தவர்கள் இக்கோயிலின் படத்தை அதில் கண்டிருப்பார்கள். 1984இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் கருவறைக்கு மேல் எழுந்த பெருங்கோபுரம் இன்று இல்லை. அது எப்போதோ இடிந்து வீழ்ந்தது. எஞ்சி நிற்பது முகமண்டபம். அதுவும் வீழ்ந்துவிடாதிருக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளே மணல் நிரப்பி வாசல்களை அடைத்தார்கள். அங்கே பூசை இல்லை, மணியோசை இல்லை. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நடைபெறும் நடன விழாவின்போது மாத்திரம், ஒளியூட்டிய அக்கோயிலைப் பின்னணியாகக் கொண்டு ஒடிசி முதலிய நடனங்கள் ஆடப்படுகின்றன.

இனிப் பூரிக்கு வருவோம். அங்குள்ள ஜகந்நாதர் கோயிலை 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவன் அனந்தவர்மன் சோடகங்கன். தாய் சோழ இளவரசி. தந்தை கங்க மன்னன். அவன் பெயரிலேயே இரு குலங்களும் இருக்கின்றன. பரணியிலே தோற்றோடும் கலிங்க வேந்தன் இவனே என்பர் அறிஞர். தமிழ் இலக்கியத்தில் தோற்றவனாக மாத்திரம் நாம் அறிந்த ஒருவனின் கோயிலில் இன்றும் நாள்தோறும் வழிபாடு நடக்கிறது.

பூரியின் தேர்த்திருவிழா ஜூன், ஜூலை மாதங்களில் வரும். அதற்கு முந்திய பௌர்ணமியன்று ஜகந்நாதர், அண்ணன் பலபத்திரர், தங்கை சுபத்திரை ஆகியோருக்கு 108 குடம் நீரால் திருமஞ்சனம் நடைபெறும். அத்தனை குடம் நீரில் நனைந்ததால் தெய்வங்களுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது! ஏறக்குறைய இரண்டு வாரம் தரிசனம் கிடையாது. மூலிகை மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். அந்நாட்களில் துணியில் தீட்டிய ஓவியங்களே தெய்வங்களுக்குப் பதிலாக வணங்கப்படுகின்றன. பூரிக்கு அருகில் உள்ள ரகுராஜ்பூர் என்னும் கிராமம் இவ்வகைப் பட்டச்சித்திர ஓவியத்துக்குப் பேர்போனது. ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊரும் அதுவே.

காய்ச்சல் தீர்ந்ததும் மூவரும் தேரேறுகிறார்கள். ஜகந்நாதரின் தேருக்கு 16 சக்கரங்கள், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. பெரிய தேர் ஏறக்குறைய 45 அடி உயரம். தேர் புறப்படுமுன் பூரி மன்னர் பரம்பரையில் வந்த கஜபதி, பொற்பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைக் கூட்டுகிறார். ஆட்சி போய்விட்டது, ஆனால் கூட்டும் கடமை போகவில்லை.

பூரிக் கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதோருக்கு இன்றும் அனுமதி இல்லை. இதில் பலருக்கு மனக்குறை உண்டு. ஆனால் தேரில் தெய்வம் வீதிக்கு வரும்போது யாரும் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் சாலபேகர் என்ற முஸ்லிம் கவிஞர் ஜகந்நாதர் மீது உருகிப் பாடினார். அவருடைய சமாதி தேர்வீதியிலேயே இருக்கிறது. இன்றும் தேர் அவ்விடத்தில் சற்று நின்றுதான் செல்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுபவை. அட்சய திருதியையன்று வேலை தொடங்கும். பரம்பரைத் தச்சர்கள் பரம்பரை அளவுகளின்படி செய்கிறார்கள். ஒன்பது நாள் விழா முடிந்ததும் தேர்களைப் பிரித்துவிடுகிறார்கள். மரத்தின் பெரும்பகுதி கோயில் மடைப்பள்ளிக்கு விறகாகப் போய்விடும். தெய்வத் திருமேனிகளும் மரத்தாலானவையே. ஆடி மாதம் இரட்டித்து வரும் சில ஆண்டுகளில் புதிய வேப்பமரம் தேடி எடுத்து அவற்றையும் மாற்றுகிறார்கள். 1996இலும் 2015இலும் இது நடந்தது.

கட்டாக் நகரிலே கார்த்திகைப் பௌர்ணமியன்று மக்கள் வாழைமட்டையிலும் கடதாசியிலும் சிறு படகுகள் செய்து, விளக்கேற்றி ஆற்றில் விடுகிறார்கள். பாலி, ஜாவா, இலங்கை என்று கடலோடிய தம் முன்னோரான வணிகர்களின் நினைவாக இது செய்யப்படுகிறது. அந்தப் படகும் ஓரிரவுக்கு உரியதே.

2020இல் கொரோனா வந்தபோது தேர்த்திருவிழாவை இந்திய உச்ச நீதிமன்றம் முதலில் தடுத்தது. பின்னர் பொதுமக்கள் இல்லாமல் நடத்த அனுமதித்தது. கோயில் பணியாளர்களே வடம் பிடித்தார்கள். பார்க்க ஒருவர் வராவிட்டாலும் தேர் செய்யப்பட வேண்டும், ஓட வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் இத்தனை மரம் வேண்டுமே! அதற்கென்றே மரம் நடும் திட்டம் ஒன்று அங்கு உண்டு. மரம் வளர்ந்தாலும் போதாது. தச்சரின் மகனும் உளியைக் கையில் எடுக்க வேண்டும்.

நேயர்களே, ஒடிசாவுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் முதலில் கோணார்க்கைப் பாருங்கள். என்றும் நிற்க வேண்டும் என்று கல்லில் செய்த தேர் அங்கே பாதி இடிந்து நிற்கிறது. பிறகு பூரிக்குப் போங்கள். அடுத்த ஆண்டு இராது என்று தெரிந்தே செய்த தேர் அங்கே பல நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூர்க் கோயில் தேரையும் கூத்தையும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.