உறைபனிப் பள்ளத்தில் மரம் நடலாமா?

டிசம்பர் பிறந்தால் ஊட்டி உறைபனிப் படம் எல்லா நாளிதழிலும் வந்துவிடும். பெரும்பாலும் தலைக்குந்தா, காந்தல் பக்கத்துத் தாழ்வான புல்வெளிகள்தான் படத்தில் இருக்கும். காரணம் உண்டு. மேகமில்லாத இரவில் தரை வேகமாகச் சூட்டை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. விடியும்போது அடிவாரத்தில் புல் வெளுத்துக் கிடக்க, மேலே உள்ள சரிவில் ஒரு துளி பனி இராது. உயரம் கூடினால் குளிரும் கூடும் என்ற பாடம் அந்த இரவில் தலைகீழாகிறது.

அந்தப் புல்லில் கால் வைத்தால் நறநறவென்று நொறுங்கும். சில அடி தள்ளிச் சோலைக்குள் நுழைந்தாலோ ஈரச் சருகும் கறுத்த மண்ணும்தான். மேலே பின்னிக் கிடக்கும் இலைக்கூரை தரைச்சூட்டை வெளியே விடுவதில்லை. பகலில் வெயிலையும் உள்ளே விடுவதில்லை. சோலை மரக்கன்று பிழைப்பது அந்த நிழலில்தான். வெட்டவெளியில் முளைத்தால் பெரும்பாலும் உறைபனியில் கருகிவிடும்.

மழையும் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அதே மாவட்டத்தின் சீகூர் முள்காட்டுக்கு ஓராண்டு முழுக்கக் கிடைப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான்.

இத்தனை வேறுபாடுள்ள மலையில் புல்வெளியை 'வெற்றுநிலம்' என்று கருதி மரம் நடுகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஆங்கிலேயர் காலத்தில் வந்த சீகை (வாட்டில்) மரம், விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் பரப்பப்பட்டது. அது குளிரைத் தாங்கியது; அதன் நிழலில் புல் செத்தது. சீகை நிழலில் சோலைக் கன்றுகள் முளைக்கின்றன, அப்படியே விடலாம் என்பாரும் உண்டு. சோலை ஓரத்துக்கு அது பொருந்தலாம். புல்வெளிக்கே உரிய வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக் குருவிக்கும் அதனால் என்ன பயன்?

நடுவதற்கு முன் அந்தச் சரிவின் ஜனவரி மாத இரவு வெப்பநிலையையாவது அளந்து பாருங்கள். ஜூன் மழையில் எந்தக் கன்றும் பச்சையாகத்தான் நிற்கும். ஜனவரியில் அது கருகிய பிறகு மறுபடி குழி தோண்டுகிறார்கள். புல் பெயர்ந்த அந்த மண்ணில், பல ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த சீகை விதைகள் முளைத்துக்கொள்கின்றன.